பால் காய்ச்சாத வீடு

ஆண்டவனுக்கு ஆலயம் எடுப்போர் கல்லால் எடுப்பார்கள். எங்களுக்கு வீடு எடுத்த ஒப்பந்தக்காரர் அதை முதலில் வாயால் எடுத்தார். அந்த வாய்வீட்டைப் போல் குறைவற்ற ஒரு வீட்டைப் பின்னாளில் நான் எங்கும் கண்டதில்லை. அதன் வாசற்கால் தேக்கு. அதன் சுவர்கள் மேட்டூர் அணைக்கு அரைத்த அதே பக்குவத்தில் அரைத்த சுண்ணாம்பு. பின்புறத்துக் கிணற்றில் கோடையிலும் வற்றாத, இளநீர் போன்ற தண்ணீர். தறிக்கூடம் இருபத்தோரடி நீளம். இவ்வளவையும் அவர் வெண்ணந்தூரில் எங்கள் வீட்டு முற்றத்தில் அமர்ந்து, வெற்றிலையை மடித்தபடியே கட்டி முடித்தார்.

மேட்டூர் அணை அப்போதுதான் கட்டி முடிந்திருந்தது. ஒப்பந்தக்காரர் அங்கே கல் ஏற்றி இறக்கும் வேலையை எடுத்துச் செய்தவர் என்பார்கள். அணையையே தாம் கட்டியதாக அவர் சொல்லிக்கொண்டதில்லை. பிறர் அப்படிச் சொன்னபோது மறுத்ததுமில்லை. அங்கிருந்து திரும்பியவர், இராசிபுரத்துக்கு வெளியே சேலம் போகும் பாதையோரமாக ஒரு மேட்டு நிலத்தை வாங்கி, வரிசையாக ஆறு வீடுகளைக் கட்டி விற்க முனைந்தார். அவரிடம் முதலில் அகப்பட்டவர் என் அப்பா.

அப்பா குழித்தறி நெய்பவர். பங்காளிகளோடு பாகம் பிரித்தபின் எங்களுக்கு எஞ்சிய இடம் ஒரு தறிக்கும் ஒரு தொட்டிலுக்கும் மட்டுமே போதுமானதாக இருந்தது. நான் ஒன்பது வயதுப் பெண்; என் தம்பி பிறந்து எட்டு மாதம். அந்தப் பாகத்தையும், அம்மாவுக்குப் பிறந்த வீட்டார் சீராகக் கொடுத்த ஒரு துண்டுக் காட்டையும் விற்றுத்தான் புது வீட்டுக்குக் கொடுத்தோம். விலை முழுவதும் கொடுத்தாயிற்று. நல்ல நாளில் பால் காய்ச்சிக் குடியேறுவது, குடியேறிய மறுநாளே கிரையப் பத்திரம் எழுதுவது என்பது பேச்சு. அதற்கும் வெற்றிலைதான் சாட்சி.

அப்பா நாள்தோறும் விடியலில் நீராடி, திருநீறு பூசி, பதிகம் பாடிய பின்னரே தறிக்குழியில் கால் வைப்பார். பாடிய வாய் பொய் சொல்லாது என்பது அவர் துணிபு. ஆகையால் பாடாத வாயும் சொல்லாது என்று எப்படியோ நம்பிவிட்டார். வீடு எழும்பும்போது இரண்டு முறை போய்ப் பார்த்து வந்தார். இரண்டு முறையும் தறிக்கூடம் நிறையச் சாரமும் சுண்ணாம்புக் குவியலும் கிடந்தன. வெளியே நின்று பார்த்துவிட்டு, நெஞ்சு நிறைந்து திரும்பினார்.

ஆவணியில் நாள் குறித்தார்கள். ஒப்பந்தக்காரர் தம் செலவிலேயே வாசலில் பந்தல் போட்டு வாழை கட்டியிருந்தார். உறவினர் பத்துப் பன்னிரண்டு பேர் மாட்டு வண்டிகளில் வந்து இறங்கினர். புது அடுப்பில் கோலமிட்டுப் பித்தளைப் பாத்திரத்தில் பாலும் ஊற்றி வைத்தாயிற்று. தீ மூட்ட வேண்டியதுதான் பாக்கி.

அந்த நேரத்தில் அம்மா, அடுப்படிக்குப் போகாமல், ஒரு கயிற்றுச் சுருளோடு தறிக்கூடத்துக்குள் போனாள். பழைய வீட்டில் தறியின் பாவு நூலை இழுத்துக் கட்டியிருந்த கயிறு அது. தறியைப் பிரித்தபோது, குழி இருந்த இடத்தையும் எதிர்ச் சுவரின் முளை இருந்த இடத்தையும் கயிற்றில் முடிச்சிட்டு அடையாளம் வைத்திருந்தாள். ஒரு முனையை என் கையில் கொடுத்துச் சுவரோரம் நிறுத்திவிட்டு, மறுமுனையை இழுத்துக்கொண்டு நடந்தாள். எதிர்ச் சுவர் வந்துவிட்டது. அம்மாவின் கையில் இன்னும் இரண்டு முழம் கயிறு மிச்சம் இருந்தது.

“ஏனுங்க, இங்க வாங்க” என்று அப்பாவைக் கூப்பிட்டாள். “தறி உக்காரும். நீங்க எங்க உக்காருவீங்க? தெருவுலயா?”

ஒப்பந்தக்காரரை அழைத்துக் கேட்டார்கள். அவர் சற்றும் கலங்கவில்லை. “இருபத்தோரடின்னு சொன்னது சொன்னபடி இருக்குதுங்க. வெளிய வந்து அளந்து பாருங்க” என்றார். வெளியே அளந்தால் இருபத்தோரடி சரியாக இருந்தது. இரண்டு பக்கமும் ஒன்றரை அடிச் சுவர்.

“சுவத்துக்குள்ள உக்காந்தா நெய்யறது?” என்று என் சித்தப்பா கேட்டார்.

அதற்குள் அம்மா பின்புறம் போய்க் கிணற்றை எட்டிப் பார்த்திருந்தாள். கிணறு இருந்தது, அழகான கைப்பிடிச் சுவரும் இருந்தது. உள்ளே ஆறு ஆள் ஆழத்தில் யானை படுத்தாற்போல் ஒரு பாறை கிடந்தது. அதன்மேல் ஒரு தவளைகூட இல்லை.

“பாறை வந்துருச்சுங்க அம்மணி. பாறையை நானா கொண்டாந்து வெச்சன்?”

“பாறையை நீங்க வெக்கலீங்க. தண்ணி வரும்னு சொன்னதுதான் நீங்க.”

“மழை வந்தா வருமுங்க.”

“மழை வந்தாக் கூரையிலயும் வருமுங்க. அதுக்குக் கெணறு எதுக்கு?”

நல்ல நேரம் கழிந்துகொண்டிருந்தது. பெரியவர்கள், முதலில் பாலைக் காய்ச்சிவிடலாம், மற்றதைப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்றார்கள். அம்மா இசையவில்லை. எங்கள் பக்கத்தில் பால் பொங்கிவிட்டால் குடியேறியாயிற்று என்று பொருள். குடியேறிவிட்டால் வீட்டை இருந்தபடி ஏற்றுக்கொண்டாயிற்று. மறுநாள் பத்திரத்தில் கைநாட்டு விழும். அதன்பின் கிணற்றைப் பற்றிப் பேசுவது, பந்தி முடிந்து கை கழுவியபின் குழம்பில் உப்பில்லை என்பதைப் போல. அம்மா அடுப்பிலிருந்த பால் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். பந்தலடியில் மூன்று கல்லைக் கூட்டி, தீ மூட்டி, அந்தப் பாலிலேயே பாயசம் வைத்து வந்தவர்களுக்குக் கொடுத்தாள்.

“ஊடு இன்னும் முடியலீங்க. முடிஞ்சதும் சொல்லி அனுப்பறம். எல்லாரும் மறுக்கா வரோணும்” என்று கைகூப்பினாள்.

உறவினர் வாயில் பாயசமும் கண்ணில் கேள்வியுமாக வண்டியேறினர்.

திரும்பிப் போக எங்களுக்கு வெண்ணந்தூரில் வீடு இல்லை. மூட்டை முடிச்சுகளைச் சத்திரத்தில் வைப்பதுபோல் உள்ளே வைத்துவிட்டு, நாங்கள் வாசலிலேயே தங்கினோம். உண்பதும் உறங்குவதும் பந்தலின் கீழ். அப்பா இராசிபுரத்தில் ஒருவருடைய தறியில் கூலிக்கு நெய்யப் போனார். சொந்தத் தறி அவிழ்த்துக் கட்டிய கட்டைகளாகச் சுவரில் சாய்ந்து கிடந்தது. மாலையில் திரும்பும்போது அதை ஒரு முறை தொட்டுவிட்டுத்தான் அப்பா முகம் கழுவுவார்.

“சொன்ன சொல் தவறுனவனை ஆண்டவன் பாத்துக்குவான். நாம உள்ள போயிரலாம்” என்றார் ஒரு மாலை.

“ஆண்டவன் அவரைப் பாக்கட்டுங்க. கெணத்தை நாம பாப்பம்” என்றாள் அம்மா.

எங்கள் வீடு தெருவின் தலைப்பில் இருந்தது. மற்ற ஐந்து வீடுகளைப் பார்க்க வருவோர் யாராயினும் எங்கள் மூன்று கல் அடுப்பைக் கடந்துதான் போக வேண்டும். புத்தம் புது வீட்டின் முன்னால் ஒரு குடும்பம் வெட்டவெளியில் களி கிண்டிக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் கேட்கத் தோன்றாது? அம்மா ஒருவரையும் தடுக்கவில்லை. ஒப்பந்தக்காரரைப் பற்றி ஒரு குற்றச் சொல் சொன்னதில்லை. வெயிலில் வந்தவர்களுக்கு மோர் கொடுப்பாள், கொடுக்கும்போது, “கொஞ்சந்தானுங்க. தண்ணி அரை மைல் போயி எடுத்தாறணும்” என்பாள். அவ்வளவுதான். மோரைக் குடித்தவர் வீட்டைப் பார்ப்பார், கிணற்றின் திசையைப் பார்ப்பார், பிறகு வந்த வழியே போய்விடுவார். சித்தப்பா ஞாயிறுதோறும் வெண்ணந்தூரிலிருந்து வந்து, அந்த வாரத்தில் எத்தனை பேர் மோர் குடித்தார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்வார்.

பத்தாம் நாள் ஒப்பந்தக்காரர் ஆட்களோடு வந்து பந்தலைப் பிரித்தார். “பால் காய்ச்சறதுக்குப் போட்ட பந்தலுங்க. காய்ச்சாதவங்களுக்கு எதுக்கு?” என்றார்.

“கொண்டு போங்க. வானம் பெருசுங்க” என்றாள் அம்மா. கொஞ்சம் கீற்றும் இரண்டு புடவையும் கட்டி நிழல் செய்துகொண்டோம்.

பதினைந்தாம் நாள் மறுபடியும் வந்தார். இம்முறை குரல் உயர்ந்தது. “குடி வராதவங்களுக்கு என்ர எடத்துல என்ன வேலை? ஒண்ணு, உள்ள போங்க. இல்லாட்டி வார வெள்ளிக்கெழமைக்குள்ள வாசலைக் காலி பண்ணுங்க. பத்திரம் எழுதற வரைக்கும் ஊடும் என்ர ஊடு, வாசலும் என்ர வாசல். ஆள் வெச்சு அடுப்புக் கல்லைப் பொறுக்கிப் போட எனக்கு எவ்வளவு நேரமாகும்?”

அவர் போன பிறகு, அடுப்புக் கற்கள் மூன்றையும் இன்னும் கொஞ்சம் மண்ணுக்குள் அழுத்திப் புதைத்தாள். அவை புதைந்த பிறகும் அழுத்திக்கொண்டே இருந்தாள். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு எங்கே போவோம் என்று எனக்குத் தெரியவில்லை. அம்மாவுக்கும் தெரிந்திருக்கவில்லை என்பதுதான் அந்த அழுத்தம்.

வியாழன் பிற்பகல் மழை பிடித்தது. எங்கள் மேட்டு நிலத்தில் மழை அறிவித்துவிட்டு வருவதில்லை. அம்மா தண்ணீருக்குப் போயிருந்தாள், அப்பா இராசிபுரத்தில். நான் தம்பியைத் தூக்கிக்கொண்டு, பால் பாத்திரத்தை இன்னொரு கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் ஓடினேன். திரும்பிப் பார்த்தால் எங்கள் மூன்று கற்களின் நடுவே குளம் கட்டியிருந்தது.

தம்பிக்கு இரண்டு நாளாக உடம்பு சுட்டது. தாய்ப்பாலும் போதவில்லை; எருமைப் பாலைக் காய்ச்சி, தண்ணீர் கலந்து புகட்டிக்கொண்டிருந்தோம். அவன் அழுதான். நான் ஆட்டினேன், பாடினேன், அப்பாவின் பதிகத்தில் எனக்குத் தெரிந்த அடிகளை எல்லாம் முன்னும் பின்னுமாகச் சொல்லிப் பார்த்தேன். இறைவன் மனம் இரங்கியிருக்கக் கூடும், தம்பி இரங்கவில்லை. அழுது அழுது அவன் குரல் கம்மியபோது எனக்குப் பயம் வந்தது. பச்சைப் பாலைக் கொடுத்தால் உடம்புக்கு ஆகாது என்று அம்மா சொல்லியிருந்தாள்.

உள்ளே அடுப்பு இருந்தது. அதன்மேல் அம்மா போட்ட கோலம் பதினெட்டு நாளாக அழியாமல் இருந்தது. மூட்டைகளோடு மூட்டையாக நனையாத சுள்ளிகளும் தேங்காய் மட்டையும் இருந்தன. அந்த அடுப்பில் தீ வைக்கக் கூடாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் தம்பிக்காகக் காய்ச்சும் பால் ‘பால் காய்ச்சுவது’ ஆகாது என்று ஒன்பது வயது அறிவு தனக்குத்தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டது. பற்றவைத்தேன். தம்பியை மடியில் போட்டு ஆட்டிக்கொண்டிருந்ததில் பாத்திரத்தைக் கவனிக்கத் தவறினேன். பால் சரேலென்று எழுந்து, வடக்குப் பக்கமாக வழிந்து, கோலத்தை நனைத்துக்கொண்டு ஓடியது. பதறி இறக்கினேன். ஆற்றினேன். தம்பி குடித்தான். குடித்துக்கொண்டிருக்கும்போதே தூங்கிப்போனான்.

மழை ஓய்ந்து தூறலாக இருந்தபோது வாசலில் குதிரை வண்டி ஒன்று வந்து நின்றது. ஒப்பந்தக்காரரும், குடையும் வெண்தாடியுமாக ஒரு ராவுத்தரும் இறங்கினர். ராவுத்தர் சேலத்துக்காரர், இராசிபுரத்து நெய்யை வாங்கி அனுப்புகிறவர், தம் மகளையும் மருமகனையும் இங்கே குடிவைக்க வீடு தேடிக்கொண்டிருந்தார். இவற்றையெல்லாம் பின்னர்தான் அறிந்தேன். அப்போது நான் கண்டது, ஓட்டின் இடுக்குகளில் கசிந்த புகையை அண்ணாந்து பார்த்து மலர்ந்த ஒப்பந்தக்காரரின் முகத்தை மட்டுமே.

“பாத்தீங்களா ராவுத்தரே! குடி போயிட்டாங்க. நல்ல நாளுக்குக் காத்துட்டு இருக்கறாங்கன்னு நாஞ் சொல்லலீங்களா?” என்று படியேறி வந்தவர், வாசல்நிலையருகே நின்று என்னிடம் குனிந்தார். “என்ன சாமி, பால் காய்ச்சுனியா?”

“தம்பி அழுதானுங்க.”

“அழுதா என்ன சாமி, நல்லதுதான் பண்ணிருக்கற!”

அப்போது அம்மா வந்து சேர்ந்தாள். இடுப்பில் குடம், தலை முதல் கால் வரை நனைந்திருந்தாள். வண்டியைப் பார்த்தாள். புகையைப் பார்த்தாள். நிலையைக் கடந்து, கறை படிந்த அடுப்பையும் என்னையும் பார்த்தாள். கருகிய பாலின் வாசனை வீடு முழுவதும் இருந்தது.

“அம்மணி, சந்தோசமுங்க! வழக்கப்படி பால் காய்ச்சியாச்சு. இனி பேச்சு முடிஞ்சுது.”

“இல்லீங்க, அது பொங்…” என்று அம்மா தொடங்கினாள்.

ஒப்பந்தக்காரர் கையமர்த்திவிட்டு என் பக்கம் திரும்பினார். “நீ சொல்லு சாமி. பொங்குச்சா, இல்லியா?”

“பொங்குச்சுங்க” என்றேன். கேட்டால் முழுவதும் சொல்லிவிட வேண்டும் என்ற பயத்தில், “வடக்கால பொங்கி வழிஞ்சுருச்சுங்க” என்றும் சேர்த்தேன்.

ஒப்பந்தக்காரர் சிரித்தார். அம்மா குடத்தைத் தரையில் வைத்தாள். சிந்தாமல், மெல்ல வைத்தாள். முந்தானையைப் பிழிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“சரிங்க. எம்பட புள்ள பொங்குச்சுன்னு சொல்லிருச்சு. அப்ப நாங்க குடி வந்துட்டம்?”

“வந்துட்டீங்க அம்மணி.”

“ஊடு எங்களுது?”

“உங்களுதேதானுங்க. நாளைக்கே பத்திரம் எழுதிரலாம்.”

“வாசலு?”

“வாசலில்லாத ஊடு ஏதுங்க? அதும் உங்களுதுதான்.”

அம்மா ராவுத்தர் பக்கம் திரும்பிக் கைகூப்பினாள். “பெரியவங்க கேட்டுக்கங்க.” பிறகு ஒப்பந்தக்காரரிடம் சொன்னாள்: “நேத்து வரைக்கும் உங்க வாசலுங்க. நாளைக்குள்ள காலி பண்ணுன்னீங்க. எங்க போறதுன்னு பயந்துட்டுத்தான் கெடந்தன். இன்னைக்கு எம்பட வாசலு. இங்க மூணு கல்லு வெச்சு எந்நேரமும் சமைப்பன். இந்தப் புள்ளைக்குக் கண்ணாலம் ஆவற வரைக்கும் சமைப்பன். போறவங்க வாறவங்களுக்கு மோர் குடுப்பன். ஏன் அம்மணி வெளிய சமைக்கறேன்னு கேட்டா, கேட்டதுக்குப் பதில் சொல்லுவன். இனி என்னை ஏந்திரிச்சுப் போன்னு சொல்ல ஆருக்குங்க பாத்தியம்?”

ஒப்பந்தக்காரர் வாயைத் திறந்தார். எங்கள் முற்றத்தில் ஒரு வீட்டையே கட்டிய வாய். அப்போது அதிலிருந்து ஒரு செங்கல்கூட வெளிவரவில்லை.

ராவுத்தர் குடையை மடக்கிக்கொண்டு என் எதிரே வந்து அமர்ந்தார். “ஏம்மா, நீ கேட்டதுக்கு நேராச் சொல்ற புள்ள. சொல்லு, எதுக்கு வெளிய சமைக்கறீங்க?”

நான் சொன்னேன். கயிற்றைப் பற்றிச் சொன்னேன். வெளியே அளந்ததைச் சொன்னேன். தவளைகூட இல்லாத கிணற்றைச் சொன்னேன். அப்பா தறிக்கட்டையைத் தொட்டுவிட்டு முகம் கழுவுவதையும் சொன்னேன். அதை ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. அவர் எழுந்து, தறிக்கூடத்தைத் தம் குடையால் உள்ளேயும் அளந்தார், வெளியேயும் அளந்தார். பிறகு பின்புறம் போய்க் கிணற்றில் ஒரு கல்லைப் போட்டார். அத்தனை மழை பெய்தும், ‘டொக்’ என்றுதான் கேட்டது.

“எங்க வழக்கத்துல பால் காய்ச்சறது இல்லீங்க கண்ட்ராக்டர்” என்றார் திரும்பி வந்து. “கெணத்துல வாளி விட்டு எறைச்சுப் பாத்துட்டுத்தான் குடி வருவேன். இந்தம்மா கெணத்துல தண்ணி வரட்டும், அவங்க தறி உள்ள உக்காரட்டும். அடுத்த ஊட்டை நான் எடுத்துக்கறேன். அது வரைக்கும் எனக்கு மோர் போதும்.”

அம்மா அவருக்கு மோர் கொடுத்தாள். கொஞ்சமாகத்தான் கொடுத்தாள்.

அதன்பின் நடந்தவை விரைவாக நடந்தன. ஒப்பந்தக்காரரின் ஆட்களே தறிக்கூடத்தின் பின்சுவரை இடித்து மூன்றடி தள்ளிக் கட்டினார்கள். பாறைக்கு வெடி வைக்க கல்லுடைக்கும் ஒட்டர்கள் வந்தனர்; வெடிக்கும் நேரத்தில் சித்தப்பா எங்கள் எல்லோரையும் சேலம் பாதைக்கு ஓட்டிக்கொண்டு போவார். ஒரு நாள் காலை பாறைப் பிளவில் ஈரம் கண்டது. மாலைக்குள் முழங்கால் அளவு நின்றது. இளநீரெல்லாம் இல்லை, கொஞ்சம் உவர்ப்புத்தான். வாசற்காலும் கதவும் தேக்கில்லை, வேம்பு. அம்மா அவற்றைப் பெரிதுபடுத்தவில்லை. “தண்ணி தண்ணியா இருக்குது, கதவு சாத்துனா மூடுது. போதும்” என்றாள். அதுவரை எங்கள் சமையல் வாசலிலேயே நடந்தது. ராவுத்தரும் வாரம் ஒரு முறை வந்து, கிணற்றில் கல் போட்டுப் பார்த்துவிட்டுப் போவார்.

கார்த்திகையில் மறுபடியும் நாள் பார்த்தார்கள். உறவினர் வந்தனர். சித்தப்பா இம்முறை பாயசம் கேட்டே வந்தார். அடுப்பை மெழுகிப் புதுக் கோலமிட்டார்கள். பால் கிழக்கே பொங்க வேண்டுமென்று என் அத்தை, யாரும் பார்க்காதபோது பாத்திரத்தின் மேற்குப் புறத்தில் ஒரு சிறு கல்லைச் செருகி வைத்தாள். தெய்வத்துக்கு ஒத்தாசை செய்வதில் அத்தைக்குத் தயக்கமே இருந்ததில்லை.

எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா முன்னே வந்து, விளக்கில் பற்றவைத்த சுள்ளியை என் கையில் கொடுத்தாள்.

“நீ வையி சாமி.”

“ஊட்டுக்காரி நீ இருக்கறப்ப சின்னப் புள்ள வெக்கறதாக்கும்?” என்றாள் அத்தை.

“மொதல்ல வெச்சது அவதான அண்ணி” என்று சொல்லிவிட்டு, அம்மா அடுப்பை விட்டு விலகிப் போய், நிலையோரமாகக் கைகூப்பி நின்றுகொண்டாள்.

எனக்கு அழுகை வந்தது. முதற்பாலைக் கெடுத்தவள் நான். ஆகையால் இத்தனை பேர் முன்னிலையில் என்னையே நிறுத்தித் தண்டிக்கிறாள் என்று நினைத்தேன். அந்த மழை நாளில் அவள் என்னை அடிக்கவில்லை, ஒரு சொல் திட்டவுமில்லை. அது எனக்கு இன்னும் பெரிய கோபமாகத் தோன்றியிருந்தது. ஒப்பந்தக்காரர் கேட்டபோது அம்மா தொடங்கிய சொல் பாதியில் நின்றதை நான் என் காதால் கேட்டிருந்தேன். அதன் மறுபாதி என்னவாக இருந்திருக்கும் என்று யோசிக்க எனக்கு நெடுங்காலம் ஆயிற்று. நானே பிள்ளை பெற்று, அவர்களுக்காகச் சொல்லக் கூடாத சிறு பொய்கள் சிலவற்றைச் சொல்லி முடித்தபின், ஒரு நாள் என் வீட்டு அடுப்படியில் நிற்கும்போது அது எனக்கு முழுவதுமாகக் கேட்டது. ஒரு மனிதன் தன் சொல்லைக் காக்க வேண்டுமென்று பதினெட்டு நாள் வெயிலில் அமர்ந்தவள், அந்த ஒரு கணத்தில் வீட்டுக்காகப் ‘பொங்கலீங்க’ என்று தன் சொல்லை விட்டுவிடத் துணிந்திருந்தாள். அதை அவளைத் தவிர வேறு யாரும் அறியவில்லை. அதனால்தான் சுள்ளியை என்னிடம் கொடுத்துவிட்டு விலகி நின்றாளா என்று கேட்டறிய, அப்போது அம்மா இல்லை.

கார்த்திகைக் காலையில் எனக்கு இதெல்லாம் தெரியாது. தீ வைத்தேன். பால் எழுந்து, அத்தையின் கல்லுக்குக் கட்டுப்பட்டுக் கிழக்கே வழிந்தது. எல்லோரும் ஆரவாரித்தார்கள். அப்பா உரத்த குரலில் பதிகத்தைத் தொடங்கினார். நான் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் அங்கேயே, கூப்பிய கையைப் பிரிக்காமல் நின்றிருந்தாள்.

“எறக்கட்டுங்களாம்மா?” என்று கேட்டேன்.

அம்மா தலையை மட்டும் அசைத்தாள். கோபம் இன்னும் தீரவில்லை என்று எண்ணி, ஒரு சொட்டும் சிந்திவிடாமல், மிகவும் மெதுவாகப் பாலை இறக்கி வைத்தேன்.